சட்டத்துக்குள் ஆங்கிலோ-சாக்சன் கதைகள்: பழைய அச்சுப் படம் வாங்கிக் கண்ணாடி போடும் முறை

இங்கிலாந்தின் பழம்பொருள் சந்தையிலோ இணைய ஏலத்திலோ ‘மெடீவல் பிரிண்ட்’ (இடைக்கால அச்சுப் படம்) என்று சீட்டு ஒட்டிய படத்தைப் பார்த்தால் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். ஆங்கிலோ-சாக்சன் காலம், அதாவது நார்மன்கள் வந்து பிடிப்பதற்கு முந்தைய இங்கிலாந்தின் காலம், 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரோடு முடிந்தது. வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தது 1476-இல். நடுவே நானூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. ஆக, அந்தக் காலத்து அச்சுப் படம் என்று ஒன்று இருக்கவே முடியாது. சந்தையில் கிடைப்பதெல்லாம் அந்தக் கதைகளைப் பிற்காலத்தார், பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டுக்காரர்கள், தங்கள் கற்பனைக்கு ஏற்ப வரைந்து அச்சிட்டவை. இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எந்தக் காலத்தது, எந்த முறையில் அச்சானது என்று தெரியாமல் காசு கொடுக்கக் கூடாது. பளபளக்கும் சட்டத்தைப் பார்த்து விலை பேசுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு. மதிப்பு காகிதத்தில் இருக்கிறது.

எந்தக் கதை?

அடிக்கடி கண்ணில் படுபவை ஏழெட்டுக் கதைகள்தான். தலைப்பு வரி வெட்டுப்பட்டுப் போயிருந்தாலும் படத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

குதிரை மேல் ஆடையில்லாத பெண் என்றால் கொடைவா. கோவென்ட்ரி மக்களின் வரியைக் குறைக்கச் சொல்லிக் கணவன் லியோஃப்ரிக்கிடம் கேட்டதாகவும், அவன் வைத்த நிபந்தனைப்படி ஊர்வலம் போனதாகவும் கதை. அவள் உண்மையில் 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவள். கதை மட்டும் 13-ஆம் நூற்றாண்டில்தான் எழுத்துக்கு வந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும் டாம் அதற்கும் பிறகு, 17-ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டவன்.

அடுப்பருகே உட்கார்ந்திருக்கும் ஆளை ஒரு பெண் திட்டுகிறாள், அடுப்பில் அப்பம் கருகுகிறது என்றால் ஆல்ஃபிரட். 878-இல் டேனியர்களிடம் தோற்று அதெல்னி சதுப்பு நிலத்தில் ஒளிந்திருந்த ராஜா. டேவிட் வில்கி 1806-இல் வரைந்த ஓவியம் இந்தக் காட்சிக்குப் பேர்போனது. அதே ஆல்ஃபிரட் பாணன் வேடத்தில் டேனியர் கூடாரத்தில் யாழ் வாசிக்கிறான் என்றால், 1852-இல் டேனியல் மக்லிஸ் வரைந்த காட்சியாகவோ அதைப் பின்பற்றியதாகவோ இருக்கலாம்.

கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அலையைத் திரும்பிப் போகச் சொல்லும் ராஜா கன்யூட். அவன் டேனியன், ஆனாலும் இந்த வரிசையில்தான் விற்கிறார்கள். குதிரை மேல் இருந்தபடி கோப்பையில் குடிக்கும் இளைஞன், பின்னால் கத்தியோடு ஓர் ஆள்: கார்ஃப் கோட்டை வாசலில் 978-இல் கொல்லப்பட்ட ராஜா எட்வர்ட். விருந்தில் ராஜாவுக்குக் கோப்பை நீட்டும் பெண், சாக்சன் தலைவன் ஹெங்கிஸ்டின் மகள் ரொவெனா; வாங்குபவன் பிரிட்டன் ராஜா வோர்ட்டிஜெர்ன். இடுக்கியால் சாத்தானின் மூக்கைப் பிடித்திருக்கும் துறவி டன்ஸ்டன்.

உடை சொல்லும் காலம்

படத்தில் இருப்பவர்களின் உடை, அவர்கள் வாழ்ந்த காலத்தைவிட, வரைந்தவனின் காலத்தைத்தான் நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

ஆல்ஃபிரட் ரோமானியச் சேனாதிபதி போலவோ நாடகக்காரன் போலவோ நிற்கிறானா? பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டுப் படம். ஜோசஃப் ஸ்ட்ரட் பழைய கையெழுத்துச் சுவடிகளைப் பார்த்து சாக்சன் உடைகளை வரைந்து வெளியிட்டது 1770-களில். அதன் பிறகுதான் முழங்கால் வரை அங்கி, காலில் குறுக்கே சுற்றிய வார் என்பதெல்லாம் மெல்லப் பரவின. சார்லஸ் ஸ்டோதர்ட் 1816-இலிருந்து, ஹேஸ்டிங்ஸ் போரைப் பின்னல் வேலையில் காட்டும் பாயூ திரைச்சீலையை முழுக்கப் படியெடுத்தார். மூக்குத் தகடு வைத்த கூம்புத் தலைக்கவசமும் வால் நீண்ட கேடயமும் விக்டோரியா காலப் படங்களில் நிறைந்திருப்பதற்கு அந்தப் படிகள் ஒரு முக்கியக் காரணம். கொம்பு வைத்த தலைக்கவசம் 1876-இல் பைராய்ட்டில் வாக்னரின் இசை நாடகம் அரங்கேறியபின் பெருகியது.

எல்லாவற்றையும்விடக் கறாரான சாட்சி, இங்கிலாந்தின் சட்டன் ஹூ என்ற இடத்து ஆங்கிலோ-சாக்சன் புதைகுழியில் கிடைத்த தலைக்கவசம். புருவம், மூக்கு, மீசை எல்லாம் உலோகத்தில் வைத்த முகமூடியோடு கூடியது. அது மண்ணிலிருந்து வந்தது 1939-இல். துண்டுகளை முதல்முறை ஒட்டி முடித்தது 1940-களின் நடுவில். ஆகவே பழைய ஆங்கிலக் காவிய நாயகன் பியோவுல்ஃபோ சாக்சன் தலைவன் ஹெங்கிஸ்டோ அந்தக் கவசத்தோடு நின்றால், விற்பவர் ‘விக்டோரியன்’ என்று என்ன சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம்.

பத்து மடங்கு லென்ஸ்

நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, சின்ன டார்ச் ஒன்று, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று. இந்த மூன்றும் பையில் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

லென்ஸை முதலில் முகத்தின் நிழல் பகுதியில் வையுங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள், வண்ணப் படமென்றால் நான்கு நிறப் புள்ளிகள் பூப்போலக் கூடி நின்றால், அது ஆஃப்செட். காலண்டரும் அதுவும் ஒரே ஜாதி. ஒழுங்கில்லாமல் தூவிய மிக நுண்ணிய வண்ணத் துளிகள் என்றால் இங்க்ஜெட். கடைக்காரர் ‘ஜீக்ளே’ என்று அழகாகப் பெயர் சொல்வார். ஜான் காலியர் 1897 வாக்கில் வரைந்த கொடைவா, சிவப்பும் பொன்னும் கலந்த விரிப்புப் போட்ட குதிரையோடு இருப்பது, பெரும்பாலும் இந்த இரண்டு வகையில்தான் சட்டத்துக்குள் கிடைக்கிறது. காலியர் 1934-இல் இறந்தார். எழுபது ஆண்டு பதிப்புரிமை முடிந்ததால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். வீட்டில் மாட்ட அது போதும் என்றால் தாராளமாக வாங்குங்கள், சுவரொட்டிக்கு உரிய விலையில். மூல ஓவியம் கோவென்ட்ரியின் ஹெர்பர்ட் காட்சியகத்தில் இருக்கிறது. அது அகலமான படம். பக்கங்களை வெட்டி நெட்டுக்குத்தாக விற்பவையும் உண்டு.

புள்ளிக்குப் பதில் கோடுகள் தெரிந்தால் மேலே போகலாம். தாமிரத் தகட்டில் உளியால் செதுக்கிய கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, முனையில் மீண்டும் கூராக முடியும். எஃகுத் தகடு 1820-களில் பரவியது. அதில் கோடுகள் இன்னும் நெருக்கம், வெள்ளி போல் சாம்பல் தொனி. தாமிரத் தகடு சில நூறு நல்ல பிரதிகளுக்குப் பின் தேய்ந்துவிடும், எஃகு ஆயிரக்கணக்கில் தாங்கும். அதனால்தான் எஃகுப் படம் மலிவு. கோட்டுக்குப் பதில் ஊசியால் குத்தியது போல ஒழுங்கற்ற மென்புள்ளிகள் இருந்தால் அது ‘ஸ்டிப்பிள்’ முறை. ஆஃப்செட் புள்ளியோடு குழப்பிக்கொள்வது சகஜம். ஆஃப்செட் புள்ளி கட்டம் போட்டது போல வரிசையாக நிற்கும், ஸ்டிப்பிள் புள்ளி நிற்காது. மெஸோடின்ட் என்றால் வெல்வெட் போன்ற கறுப்பு, அதிலிருந்து சுரண்டி எடுத்த வெளிச்சம்.

அடுத்து டார்ச்சைக் காகிதத்துக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடியுங்கள். உலோகத் தகட்டில் அச்சான படமென்றால் படத்தைச் சுற்றிச் செவ்வக வடிவில் ஒரு பள்ளம் தெரியும். அதுதான் தகட்டுத் தடம். ஈரக் காகிதமும் தகடும் உருளைக்கடியில் சேர்ந்து போகும்போது விழுந்த அழுத்தம். மரச்செதுக்குப் படங்களில் இந்தத் தடம் கிடையாது. 1842-இல் தொடங்கிய இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் போன்ற வார இதழ்களிலிருந்து கிழித்தவை இந்த வகை, பின்பக்கம் செய்தி அச்சாகியிருக்கும்.

தடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஆஃப்செட் படத்தைச் சுற்றிப் பொய்த்தடம் அழுத்தி விற்பவர்கள் உண்டு. தடம் இருந்தும் லென்ஸில் கட்டப் புள்ளி தெரிந்தால் தீர்ப்பு லென்ஸ் சொல்வதுதான்.

கடைசியாக, கொஞ்சம் இருட்டில் புற ஊதா டார்ச். பழைய காகிதம் மங்கலாக, மஞ்சளாகக் கிடக்கும். 1950 வாக்கிலிருந்து காகிதத்தில் சேர்க்கும் வெண்மையூட்டிகள் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிரும், நம் ஊர் நீலம் போட்ட வேட்டி போல. மவுண்ட் அட்டையை (படத்தைச் சுற்றி ஜன்னல் போல வெட்டி வைக்கும் அட்டை) பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள்; படம் அச்சான காகிதத்தின் ஓரத்தைப் பாருங்கள்.

கீழே இருக்கும் சின்ன எழுத்துகள்

படத்துக்கு அடியில் எறும்பு ஊர்ந்தது போல மூன்று இடத்தில் எழுத்து இருக்கும். இடப்பக்கம் பெயரோடு ‘பின்க்ஸிட்’ என்றால் அந்த ஓவியத்தைத் தீட்டியவர். ‘டெல்’ என்றால் கோட்டுப்படம் வரைந்தவர். வலப்பக்கம் ‘ஸ்கல்ப்ஸிட்’ அல்லது ‘ஸ்கல்ப்’ என்றால் தகட்டைச் செதுக்கியவர். நடுவில் அல்லது அடியில் வெளியீட்டு வரி: பதிப்பித்தவர் பெயர், தெரு, தேதி. 1735-இல் நடைமுறைக்கு வந்த செதுக்கோவியச் சட்டம் உரிமையாளர் பெயரையும் தேதியையும் தகட்டிலேயே பொறிக்கச் சொன்னது. ‘சட்டம் பணித்தபடி வெளியிடப்பட்டது’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் பல படங்களில் இருப்பது அதனால்தான். பால் மால் தெருவில் ராபர்ட் பௌயர் நடத்திய ‘ஹிஸ்டாரிக் கேலரி’ வெளியீடுகளை 1790-களின் தேதியோடு இந்த வரியில்தான் பிடிக்க முடியும்.

இரண்டு பெயர் செதுக்கியவராக இருந்தால் விசாரியுங்கள், கதை இருக்கும். ஆஞ்சலிகா காஃப்மன் வரைந்த எட்கர், எல்ஃப்ரிடா காட்சி ஓர் உதாரணம். ராஜா எட்கர் தனக்குப் பெண் பார்த்துவர அனுப்பிய அதெல்வோல்ட், அவள் அழகில் மயங்கித் தானே கட்டிக்கொண்டான். விஷயம் தெரிந்து ராஜா நேரில் வந்து நிற்கிறான். ஓவியம் டெவன் மாவட்டத்து சால்ட்ரம் மாளிகையில் இருக்கிறது. அதைத் தகட்டில் ஏற்றத் தொடங்கிய வில்லியம் வின் ரைலண்ட் பத்திர மோசடிக் குற்றத்துக்காக 1783-இல் தூக்கிலிடப்பட்டார். மீதி வேலையை முடித்தவர் வில்லியம் ஷார்ப்.

ஓரத்தில் எழுத்தே இல்லாமல் சுத்தமாக இருந்தால் இரண்டு வாய்ப்பு. தலைப்பு பொறிப்பதற்கு முன் எடுத்த சோதனைப் பிரதி என்றால் மதிப்பு கூடும். யாரோ கத்தரித்துவிட்டார்கள் என்றால் மதிப்பு பாதியாகக்கூட இறங்கும். தகட்டுத் தடம் நான்கு பக்கமும் முழுசாக இருக்கிறதா என்று பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். 1847-இல் அமைந்த பிரிண்ட்செல்லர்ஸ் அசோசியேஷன் தன்னிடம் பதிவான சோதனைப் பிரதிகளின் அடி ஓரத்தில் சின்ன முத்திரை குத்தியது. விக்டோரியா காலப் பெரிய படங்களில் அதையும் தேடுங்கள்.

பெயரும் தலைப்பும் கிடைத்ததும் பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத் தொகுப்பில் தேடி, தகட்டின் அளவை மில்லிமீட்டரில் ஒப்பிடுங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் காகிதம் சுருங்கியதால் வரலாம். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் அது வேறு தகடு.

இணையத்தில் வாங்குபவர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்: சட்டத்திலிருந்து எடுத்த நிலையில் முன்பக்கம், பின்பக்கம், அடி எழுத்து வரி, பக்க வெளிச்சத்தில் ஒரு மூலை, ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து நெருக்கத்தில் ஒன்று. ‘சட்டத்தைத் திறக்க முடியாது’ என்றால், உள்ளே சுவரொட்டி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு விலை சொல்லுங்கள். வண்ணம் தீட்டிய படத்தில் வண்ணம் பழுப்புப் புள்ளிகளுக்கு மேலே ஏறியிருந்தால் அது பிற்காலத்தில், விலை ஏற்றுவதற்காகப் பூசியது.

பழைய சட்டத்தைத் திறப்பது

விக்டோரியா காலச் சட்டத்தின் பின்புறம் பெரும்பாலும் மெல்லிய மரப்பலகையும் சிறு ஆணிகளும்தான். அந்த மரத்திலிருந்து கசியும் அமிலம், பலகையின் ரேகை, முடிச்சு எல்லாவற்றையும் படத்தின் முதுகில் பழுப்பாகப் பதித்துவிடும். சில சமயம் முன்பக்கமே இரண்டு பலகைக்கு நடுவிலான இடுக்கு செங்குத்துக் கோடாகத் தெரியும்.

மேசையில் தடித்த துணி விரித்துச் சட்டத்தைக் குப்புற வையுங்கள். அதற்கு முன் கண்ணாடியின் மேல் மாஸ்கிங் டேப்பைப் பெருக்கல் குறி போல ஒட்டுங்கள். பழைய கண்ணாடி மெல்லியது, உடைந்தால் சில்லுகள் படத்தைக் கிழிக்கும். பின்புறக் காகிதத்தில் சட்டக்காரரின் சீட்டோ ஏலச் சீட்டோ இருந்தால் புகைப்படம் எடுத்து, அந்தப் பகுதியை வெட்டிப் பத்திரப்படுத்துங்கள். ஆணியை மூக்கு இடுக்கியால் நேராக இழுங்கள், நெம்பாதீர்கள். நெம்பினால் பழைய சட்டத்தின் சுண்ணப் பூச்சு பெயர்ந்துவிடும்.

படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அட்டையோடு முழுக்கப் பசை போட்டு ஒட்டியிருந்தாலும் அப்படியே. இதை உரிக்கும் வேலை காகிதப் பாதுகாப்பு நிபுணருடையது. பிரிட்டனில் ‘ஐகான்’ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பதிவேட்டில் ஆள் தேடலாம். பழுப்புப் புள்ளிகளையும் அவர்களிடமே விடுங்கள். வீட்டில் பிளீச் வைத்து வெளுத்தால் புள்ளி போகும், கூடவே காகிதத்தின் உயிரும் போகும்.

நீங்களே செய்யக்கூடியது தூசி தட்டுவது மட்டும். மென்மையான அகலத் தூரிகையால், நடுவிலிருந்து ஓரத்துக்கு.

மவுண்டும் பிணைப்பும்

அளவெடுப்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். காகிதம் 32 × 44 செ.மீ., தகட்டுத் தடம் 25 × 33 செ.மீ. மவுண்டின் ஜன்னலை 27 × 35.5 என்று வெட்டச் சொல்லுங்கள். பக்கங்களிலும் மேலும் ஒரு சென்டிமீட்டர், கீழே ஒன்றரை சென்டிமீட்டர் தடத்துக்கு வெளியே தெரியும். எழுத்து வரி, தடம் இரண்டுமே மறையக் கூடாது. மறைத்துவிட்டால் அடுத்து வாங்குபவருக்கு ஆதாரம் கிடைக்காது. அட்டை அகலம் மேலும் பக்கங்களிலும் 7, கீழே 9. ஆக மவுண்டின் வெளி அளவு 41 × 51.5. சட்டத்தின் உள் பள்ளம் இதைவிட 3 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். இறுக்கமாகப் பொருத்தினால் மழைக்காலத்தில் காகிதமும் அட்டையும் விரிய இடமின்றி அலை அலையாகிவிடும்.

கடைக்காரர் சில சமயம் ‘காகிதம் பெரிசா இருக்கு, கொஞ்சம் வெட்டிக்கலாமா’ என்பார். வேண்டாம். மடிக்கவும் வேண்டாம். சட்டத்தைப் பெரிதாக்குங்கள்.

அட்டை பருத்தி நாரில் செய்த மியூசியம் ரகமாக இருக்கட்டும். ‘ஆசிட்-ஃப்ரீ’ என்று மேல்தாளில் மட்டும் எழுதி, நடுவில் மரக்கூழ் வைத்த அட்டை உண்டு. ஜன்னலின் சாய்வு வெட்டு சில ஆண்டுகளில் பழுப்பாவதை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அதற்குள் படத்தில் பழுப்புச் சதுரம் விழுந்திருக்கும். தடிமன் குறைந்தது 1.5 மி.மீ., அப்போதுதான் கண்ணாடி காகிதத்தில் படாது.

படத்தைப் பின் அட்டையில் பிணைக்க இரண்டு வழி. காகிதத்தில் ஓரம் அகலமாக இருந்தால் அமிலமற்ற தாளில் நான்கு மூலைப் பைகள் மடித்து, அவற்றை அட்டையில் ஒட்டி, படத்தின் மூலைகளைச் செருகிவிடலாம். படத்தில் ஒரு சொட்டுப் பசை படாது. புதியவர்களுக்கு இதுவே நல்லது.

ஓரம் குறுகலாக இருந்தால் ஜப்பானியக் காகிதக் கீல். மெல்லிய தூரிகையால் நீர்க்கோடு இழுத்து, அதன் வழியே 2 செ.மீ. அகல, 4 செ.மீ. நீளத் துண்டுகளைக் கிழியுங்கள். கத்தரித்தால் ஓரம் கூராகி, முன்பக்கம் தழும்பு தெரியும். பசைக்கு ஒரு பங்கு கோதுமை ஸ்டார்ச், ஐந்து பங்கு தண்ணீர். அரை மணி ஊறவைத்து, சிறு தீயில் கண்ணாடி போலாகும்வரை கைவிடாமல் கிளறி, ஆறியதும் வடிகட்டுங்கள். போஸ்டர் ஒட்டுகிற மைதா பசை வேறு, இது வேறு. மைதாவில் இருக்கும் புரதத்தை நீக்கியபின் மிஞ்சும் மாவுதான் ஸ்டார்ச். மைதா பசை காய்ந்தால் முறுகும், பூச்சியையும் அழைக்கும். படத்தின் முதுகில் மேல் ஓரத்தில் மட்டும், 5 மி.மீ. அளவுக்குப் பசை தொட்டு, இரண்டு கீல். கீழே எதுவும் ஒட்டாதீர்கள், படம் தொங்க வேண்டும். கீலின் மறுமுனையைப் பின் அட்டையில் ஒட்டி, அதன் மேல் குறுக்கே இன்னொரு துண்டு. மையொற்றும் தாளும் எடையும் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். என்றாவது சட்டம் கீழே விழுந்தால் கிழிய வேண்டியது கீல்தான், படம் அல்ல. அதற்காகவே கீலைக் காகிதத்தைவிட மெல்லியதாக வைப்பது.

செல்லோ டேப், மாஸ்கிங் டேப், இரட்டைப் பக்க டேப், ஸ்ப்ரே பசை எதுவும் படத்தின் பக்கம் வரக் கூடாது. இவற்றின் பசை காகிதத்துக்குள் ஊறி மஞ்சள் கண்ணாடித் தாள் போல ஆக்கிவிடும்.

அடுக்கும் வரிசை: புற ஊதா தடுக்கும் கண்ணாடி அல்லது அக்ரிலிக், ஜன்னல் மவுண்ட், படம், பின் அட்டை, அதன் பின்னே 3 முதல் 5 மி.மீ. தாங்கு பலகை. கூட்டினால் ஏறத்தாழ 10 மி.மீ. வரும், சட்டத்தின் பள்ளம் 12 மி.மீ.க்குக் குறைந்தால் எல்லாம் பின்னால் பிதுங்கி நிற்கும். கடைக்குப் போகும்போது ஸ்கேல் கொண்டு போங்கள். கண்ணாடியைத் துடைக்கும் திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள், கண்ணாடியில் நேராக அடித்தால் ஓரத்தில் இறங்கி மவுண்டில் கறை போடும்.

மாட்டும் இடம்

ஆங்கிலேய வீடுகளில் இத்தகைய படங்களுக்குப் பரம்பரை இடம் கணப்படுப்பின் மேல் சுவர். அதுதான் மிக மோசமான இடம். சூடு, புகை, வறட்சி. குளிர்காலத்தில் ஈரம் பூக்கும் வெளிச்சுவரும் ஆகாது. உள்சுவர், நேர் வெயில் படாத மூலை நல்லது. காட்சியகங்கள் காகிதப் படங்களுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) ஒளிதான் வைக்கின்றன. கையால் வண்ணம் தீட்டிய படமென்றால் நீங்களும் அதையே பின்பற்றுங்கள்.

சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களுக்குக் கொண்டுவருபவர்கள் சட்டத்தின் பின்புற இடுக்குகளை டேப்பால் முழுக்க அடைத்துவிட வேண்டும். ராமபாணப் பூச்சிக்கு அந்தக் காலத்துக் காகிதத்தில் பூசிய பசை விருந்து. மையை விட்டுவிட்டு வெள்ளை ஓரத்தை மேயும். பின்புறத்தின் கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டுகள் ஒட்டினால் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடும். கொக்கிகளை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கித் திருகாணியால் முடுக்குங்கள்.

அடைப்பதற்கு முன் பின் பலகையில் பென்சிலால் எழுதிவைக்க வேண்டியவை: ஓவியர், செதுக்கியவர், வெளியீட்டுத் தேதி, தகட்டின் அளவு, எந்தப் பசை, சட்டமிட்ட ஆண்டு.